சாயமடித்த கையும் ஒற்றைச் செல்லும்

பீர் என்ற சொல்லைக் கண்டதும், கல்லூரி மலரில் இதற்கென்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நான் மதுவின் பெருமையைப் பாட வரவில்லை. கள், சாராயம் எதையும் வீட்டில் காய்ச்சுவது நம் மாநிலத்தில் குற்றம் என்பதை அறிவேன். பனையும் தென்னையும் நிறைந்த எங்கள் கொட்டாம்பட்டிப் பக்கத்திலும் 1987ஆம் ஆண்டு முதல் கள் இறக்கத் தடை இருந்து வருகிறது. நான் சொல்லப் போவது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் வேலை பார்த்த இடம் பீர் ஆலையாக அமைந்துவிட்டது. அது அவர் குற்றமன்று.

இந்தக் கதைக்குள் நான் நுழைந்ததே ஒரு சிறு காகித உறையின் வழியாகத்தான். என் பெரியப்பா மகன் பெங்களூரில், அங்கேயே பீர் தயாரித்து அங்கேயே விற்கும் உணவகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, தம் முதலாளி மூன்று வகை உலர் ஈஸ்ட்டுகளைக் காட்டி, அடுத்த லாகர் பீருக்கு எதைப் போடலாம் என்று கேட்டதாகச் சொன்னார். மூன்றின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஒன்று டபிள்யூ-34/70, பவேரியாவின் வைஹன்ஸ்டெஃபானிலிருந்து வந்தது. மற்றொன்று எஸ்-23, பெர்லின் ஆய்வு நிலையத்தினுடையது. மூன்றாவது எஸ்-189, சுவிட்சர்லாந்தின் ஹியூர்லிமான் ஆலையில் பிறந்தது. மூன்றையும் உலர்த்தி உறையிலிட்டு விற்பது பிரெஞ்சு நிறுவனம் ஒன்றே. நீ தாவரவியல் படிப்பவன்தானே, ஈஸ்ட் எல்லாம் ஒன்றுதானே, பிறகு எதற்கு மூன்று பெயர் என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் பாடநூலில் ஈஸ்ட்டுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. முட்டை வடிவச் செல், அதன் பக்கத்தில் மொட்டு, அழகான படம். தேர்வுக்கு அது போதும், அண்ணனுக்குப் போதவில்லை. கல்லூரி நூலகத்தில் நுண்ணுயிரியல் நூல்களைப் புரட்டியபோதுதான் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்ற பெயர் எதிர்ப்பட்டது. எந்த ஈஸ்ட்டைப் போடுவது என்ற கேள்வியையே உலகில் கேட்கக்கூடிய கேள்வியாக ஆக்கியவர் அவர். அவருக்கு முன்னால் ஈஸ்ட்டை எவரும் தேர்ந்தெடுத்ததில்லை. முன்னோர் சொத்தைப் போல அது வந்து சேர்ந்தது. நல்லதோ கெட்டதோ, வந்ததைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், டென்மார்க்கின் ரீபே என்ற பழைய ஊரில் ஹான்சன் பிறந்தார். வறுமைப்பட்ட குடும்பம். நாட்டுக்குள் மிகப் பழைய நகரம் என்ற பெருமை அவ்வூருக்கு உண்டு. பழம்பெருமை யார் வீட்டு அடுப்பையும் எரிப்பதில்லையே! பையனைத் தொழிலுக்கு அனுப்பினார்கள். வீடுகளுக்குச் சாயமடிக்கும் வேலையைக் கற்று, இருபது வயதளவில் கூலிக்குச் சுவர் பூசும் தொழிலாளியாக இருந்தார். நம்மில் பலர் பட்டப்படிப்பை முடிக்கும் வயதில், அவர் கையில் தூரிகையும் வாளியும் இருந்தன.

ஆனால் படிப்பின் மேல் ஆசை விடவில்லை. பல்கலைக்கழகத்துள் நுழைவதற்கான தேர்வை எழுதித் தேறியபோது அவருக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது. படிப்புக்குப் பணம் வேண்டும். கதைகள் எழுதி விற்று அந்தப் பணத்தைச் சேர்த்தார் என்கிறார்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து இயற்கை அறிவியல் பயின்றார். எங்கள் வகுப்பிலும், சில ஆண்டுகள் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்து சேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் விளையாட்டாக அவரைச் சார் என்று அழைக்கும்போது அவர் முகம் போகும் போக்கை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் ஹான்சனின் அந்த ஆண்டுகளைக் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அவர் கவனம் சென்றது பீரின் பக்கம் அன்று, சாணத்தின் பக்கம். விலங்குகளின் சாணத்தில் முளைக்கும் டென்மார்க்குப் பூஞ்சைகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு 1876ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டில், ஆல்ஃபிரட் யோர்கென்சன் என்ற நண்பருடன் சேர்ந்து, சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய பயண நூலை டேனிஷ் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். சாணப் பூஞ்சையும் டார்வினும் ஒரே ஆண்டில்! உயிர்கள் எங்கே வாழ்கின்றன, எப்படிப் பிழைக்கின்றன, ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்தை எதைக் கொண்டு பிரித்தறிவது என்ற கேள்விகள் அப்போதே அவர் மனத்தில் குடியேறிவிட்டன என்று நான் எண்ணுகிறேன். பின்னாளில் அவர் செய்ததெல்லாம் அக்கேள்விகளின் தொடர்ச்சியே.

இனி அவரை ஆளாக்கிய இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோபன்ஹேகனுக்கு வெளியே யாகோப் கிறிஸ்டியன் யாகோப்சன் என்பவர் 1847ஆம் ஆண்டு பீர் ஆலை ஒன்றைத் தொடங்கினார். தம் மகன் கார்லின் பெயரால் அதற்குக் கார்ல்ஸ்பெர்க் என்று பெயரிட்டார். அந்தக் காலத்தில் பவேரியாவின் மியூனிக் நகரத்தில்தான் லாகர் பீர் சிறப்பாகச் செய்யப்பட்டது. மற்ற பீர்களின் ஈஸ்ட் நுரையோடு மேலே மிதக்கும். லாகர் ஈஸ்ட் குளிரில் மெல்ல வேலை செய்து பாத்திரத்தின் அடியில் படியும். அடியில் படிந்த அந்தக் கூழை வேண்டித்தான் யாகோப்சன் 1845ஆம் ஆண்டு மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலைக்குச் சென்றார். அங்கிருந்து பெற்ற ஈஸ்ட்டைத் தொப்பிப் பெட்டிக்குள் வைத்துக் குதிரை வண்டியில் ஊர் திரும்பினார். வண்டி நின்ற இடந்தோறும் இறங்கி, அது சூடேறிச் செத்துவிடாதிருக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே வந்தார் என்று சொல்வார்கள். பக்கத்து வீட்டிலிருந்து தயிருக்கு உறை வாங்கிவரும் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பதைப்பு நன்றாகப் புரியும்.

யாகோப்சன் வெறும் வியாபாரியாக இருந்துவிடவில்லை. 1875ஆம் ஆண்டு ஆலைக்குள்ளேயே அறிவியல் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அதில் கண்டறியப்படும் எதனையும் மறைத்து வைக்கக் கூடாது, உலகறிய வெளியிட வேண்டும் என்று விதியும் செய்தார். அந்த ஆய்வுக்கூடம் நமக்கு அந்நியமானதன்று. உணவில் உள்ள நைட்ரஜனைக் கணக்கிட நம் வேதியியல் மாணவர்கள் பயிலும் கெல்டால் முறை 1883ஆம் ஆண்டு அங்கே பிறந்தது. அமிலமா காரமா என்று அளக்கும் பி.எச். அளவுகோலை 1909ஆம் ஆண்டு சோரன்சன் தந்ததும் அங்கிருந்துதான். இந்த ஆய்வுக்கூடத்தில்தான் ஹான்சன் 1870களின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தார். 1879ஆம் ஆண்டு அதன் உடலியங்கியல் பகுதிக்குத் தலைவரானார். தம் இறுதிநாள் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அப்போது நொதித்தல் துறையில் லூயி பாஸ்டர் வைத்ததே சட்டம். 1876ஆம் ஆண்டு அவர் பீரைப் பற்றி வெளியிட்ட நூல் ஆலைக்காரர்களின் வேதமாக விளங்கியது. பீர் கெடுவதற்குக் காரணம் பாக்டீரியாக்கள். அவற்றை விலக்கினால் பீர் பிழைக்கும் என்பது அவர் காட்டிய வழி. அது உண்மையே, முழு உண்மையன்று. பாக்டீரியா இல்லாத ஈஸ்ட்டைத்தான் தூய ஈஸ்ட் என்று அன்று கருதினார்கள். ஈஸ்ட்டுக்குள்ளேயே நல்லதும் கெட்டதும் கலந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வடிவத்தில் எல்லாம் முட்டை. நுண்ணோக்கியில் பார்த்தால் எது யார் என்று எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி மேலே செல்கிறேன். கொட்டாம்பட்டிப் பேருந்து நிறுத்தத்தருகே என் அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். முந்தைய நாள் மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலப்பது அவர் வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதத்தில் ஒரு வாரம் மாவு கெட்டது. பொங்கியது, ஆனால் ஒரு விதமான வாடை. தண்ணீர் சரியில்லை என்றார் ஒருவர். உளுந்து பழசு என்றார் இன்னொருவர். கண்ணேறு என்று சொன்னவர்களும் உண்டு. கடையில் வழக்கமாகச் சாப்பிடுபவர்கள் எதிர்ப்பக்கம் போகத் தொடங்கினார்கள். எட்டாம் நாள் அம்மா எல்லா மாவையும் கொட்டிவிட்டு, பாத்திரங்களை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து, அடுத்த தெரு அத்தை வீட்டிலிருந்து ஒரு கரண்டி மாவு வாங்கி வந்து புதிதாகத் தொடங்கினார். இட்லி மீண்டது. ஏன் கெட்டது, ஏன் மீண்டது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. இட்லி மாவில் ஈஸ்ட்டைவிடப் பாக்டீரியாக்களுக்கே பெரும் பங்கு என்று பிறகு படித்தேன். ஆயினும் அன்று அம்மா செய்தது, ஹான்சனுக்கு முன்னால் ஐரோப்பிய ஆலைக்காரர்கள் செய்ததேதான். ஈஸ்ட் கெட்டால் கொட்டுவார்கள்; பக்கத்து ஆலையில் கடன் வாங்குவார்கள்; கும்பிட்டுக்கொள்வார்கள்.

கார்ல்ஸ்பெர்க் ஆலைக்கும் அப்படி ஒரு சித்திரை மாதம் வந்தது. 1883ஆம் ஆண்டு அங்கே தயாரான பீரில் வேண்டாத கசப்பும் வாடையும் ஏறின. தொப்பிப் பெட்டியில் வந்த நாள் முதல் யாகோப்சன் பிள்ளையைப் போல் காத்துவந்த ஈஸ்ட் அது. ஹான்சன் அதை ஆராய்ந்தார். குற்றம் பாக்டீரியாவின் மேலும் இல்லை, தண்ணீரின் மேலும் இல்லை, ஈஸ்ட்டின் மேலேயே என்றார். ஆலையின் ஈஸ்ட் ஒன்றன்று, பல வகைகளின் கூட்டம். காற்றோடு வந்த காட்டு ஈஸ்ட்டுகளும் அதில் புகுந்திருக்கின்றன. கசப்பு அவற்றின் வேலை என்பது அவர் முடிவு. பாஸ்டரின் மேல் பெருமதிப்பு வைத்திருந்த முதலாளியிடம், பாஸ்டர் சொன்னது போதாது என்று சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவர் போற்றிய ஈஸ்ட்டையும் கலப்படம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சம்பளம் தருபவரிடம் இப்படிச் சொல்வதற்கு நுண்ணோக்கி மட்டும் போதாது, நெஞ்சுரமும் வேண்டும்.

சொன்னால் போதுமா? நிறுவ வேண்டும். கூட்டத்திலிருந்து ஒரே ஒரு செல்லைத் தனியே பிரித்து, அதன் சந்ததியை மட்டும் வளர்த்துக் காட்ட வேண்டும். ஈஸ்ட் செல்லின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் குறைவு. அதைக் கையால் எடுக்க முடியாது. ஹான்சன் கையாண்ட வழி எளிமையில் வியப்பூட்டுவது.

ஈஸ்ட்டை நீரில் கலக்கி, ஒரு துளியில் எத்தனை செல்கள் என்று நுண்ணோக்கியில் எண்ணினார். ஒரு துளியில் பத்து செல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்துளியை இருபது கன சென்டிமீட்டர் நீரில் விட்டுக் குலுக்கி, அந்நீரை ஒவ்வொரு கன சென்டிமீட்டராக இருபது குடுவைகளில் ஊற்றினால், சுமார் பாதிக் குடுவைகளில் ஒன்றும் இராது. மற்றவற்றில் பெரும்பாலும் ஒரு செல் இருக்கும். சிலவற்றில் இரண்டும் இருக்கலாம் அல்லவா? அதற்கும் வழி வைத்திருந்தார். குடுவைகளில் நுண்ணுயிர் நீக்கிய மால்ட் ஊறல் இருக்கும். நன்றாகக் குலுக்கிவிட்டு அசையாமல் வைத்துவிடுவார். செல்கள் பிரிந்து கண்ணாடிச் சுவரில் தனித்தனியே படியும். சில நாட்களில் ஒவ்வொரு செல்லும் பெருகி ஒரு வெண்புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரே புள்ளி உள்ள குடுவையை வைத்துக்கொள்வார். இரண்டு புள்ளி தெரிந்தால் தள்ளிவிடுவார். பின்னர், ராபர்ட் காக் பாக்டீரியாக்களுக்குக் கையாண்டது போல, ஜெலட்டினில் செல்களைப் பதித்து, ஒரு செல்லை நுண்ணோக்கியின் கீழ்க் குறித்து வைத்து, அது பெருகுவதைக் கண்ணாலேயே தொடரும் முறையையும் பயன்படுத்தினார்.

சுவரில் திட்டில்லாமல் சாயமடிக்கப் பழகியவருக்கு, கண்ணாடிச் சுவரில் ஒற்றைப் புள்ளியைத் தேடும் பொறுமை எளிதாக வந்திருக்கும் என்று எனக்கொரு கற்பனை. நூல்களில் அப்படி எதுவும் இல்லை.

இப்படிப் பிரித்த வகைகளைத் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொன்றாலும் பீர் செய்து பார்த்தார். ஒரே ஊறல், ஒரே குளிர், ஒரே பாத்திரம். ஆனால் சுவை வேறு, மணம் வேறு, தெளியும் வேகம் வேறு. நல்ல பீர் தந்த வகைக்குக் கார்ல்ஸ்பெர்க் அடி ஈஸ்ட் முதல் எண் என்று பெயர் வைத்தார். யாகோப்சன் தொடக்கத்தில் தயங்கினார். பிறகு சோதனைக்கு இசைந்தார். 1883ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், ஒற்றைச் செல்லிலிருந்து வளர்ந்த அந்த ஈஸ்ட் முதன்முதலாக ஆலையின் பாத்திரத்தில் ஊற்றப்பட்டது. பீர் நோய் நீங்கியது. அடுத்த ஆண்டிலேயே ஆலை முழுவதும் அந்த ஈஸ்ட்டுக்கு மாறிவிட்டது. ஆய்வுக்கூடக் குடுவைக்கும் ஆலையின் பெரும் பாத்திரத்திற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க, ஆலையின் மேலாளர் கியூலே என்பவருடன் சேர்ந்து, தூய ஈஸ்ட்டை வெளிக்காற்றுப் படாமல் தொடர்ந்து பெருக்கும் செம்புக் கலன் ஒன்றையும் ஹான்சன் உருவாக்கினார்.

இதற்கு அடுத்து நடந்ததுதான் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி. அந்த முறையை மறைத்து வைத்திருந்தால் கார்ல்ஸ்பெர்க் மற்ற ஆலைகளையெல்லாம் மண்ணைக் கவ்வச் செய்திருக்கலாம். ஹான்சன் காப்புரிமை எடுக்கவில்லை. யாகோப்சன் விதியை மாற்றவில்லை. முறை அச்சில் வந்தது. கேட்ட ஆலைகளுக்கு ஈஸ்ட்டும் கொடுக்கப்பட்டது, போட்டி ஆலைகள் உட்பட. எங்கள் ஊர்ப்பக்கத்தில் தொலைவில் தெரியும் பிரான்மலையை வள்ளல் பாரியின் பறம்புமலை என்பார்கள். முல்லைக்குத் தேர் ஈந்தவன் கதையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். வள்ளன்மைக்கு அளவுகோல் தேர்தான் என்றில்லை. போட்டிக்காரனுக்குக் கொடுத்த ஒரு குடுவை ஈஸ்ட்டும் அந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் படுகிறது. பாரியின் ஊரில் மதுச்சாடிகள் திறந்தபடியே இருந்ததைக் கபிலரும் சொல்லியிருப்பதால், இந்த ஒப்புமையைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

எல்லாரும் ஒப்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஈஸ்ட்டுகளுக்கு நிலையான இனப்பண்பு கிடையாது, சூழலுக்கேற்ப ஒன்று மற்றொன்றாக மாறும் என்று வாதிட்ட அறிஞர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் ஆலைகள் வேறு விதத்தில் தயங்கின. மிதக்கும் ஈஸ்ட்டால் செய்து, நெடுநாள் பீப்பாயில் வைத்து முதிர்விக்கும் அவர்களுடைய பீர், ஒற்றை வகை ஈஸ்ட்டில் பழைய மணத்தைப் பெறவில்லை. அவர்கள் தயக்கத்தில் பொருள் இருந்தது. கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்த கிளாவ்சன் என்பவரே 1904ஆம் ஆண்டு, முதிர்ந்த ஆங்கில பீரின் மணத்துக்குக் காரணமான வேறொரு ஈஸ்ட்டைக் கண்டு அதற்குப் பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டார். ஓரிடத்தில் களையாக இருப்பது இன்னோரிடத்தில் பயிராகிறது. ஹான்சனின் முறை லாகர் பீரில் முழு வெற்றி. எல்லாப் பீருக்கும் அதுவே வழி என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

ஹான்சன் ஆலைக்குள் அடைந்து கிடந்த ஆள் அல்லர். கனிகளின் மேல் எலுமிச்சை வடிவ ஈஸ்ட் ஒன்று காணப்படும். குளிர்காலத்தில் கனி இல்லாதபோது அது எங்கே போகிறது? 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டந்தோட்டமாகச் சுற்றி மண்ணை அள்ளிவந்து சோதித்து, பழத்தோடும் மழையோடும் அது மண்ணில் இறங்கி, அங்கேயே குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த கோடையில் மீண்டும் கனிக்கு ஏறுகிறது என்று காட்டினார். ஓர் உயிரி ஆண்டு முழுவதும் எங்கெங்கே வாழ்கிறது என்பதைத் தொடர்ந்து சென்று கண்ட ஆய்வு அது. டார்வினை மொழிபெயர்த்த கை அதில் தெரிகிறது.

ஈஸ்ட்டுகளைப் பிரித்தறிய வடிவம் உதவாது என்பதால், அவற்றின் நடத்தையைக் கொண்டு அறியும் வழியையும் அவர் கண்டார். ஈரமான ஜிப்சக் கட்டியின் மேல் ஈஸ்ட்டைப் பரப்பி வைத்தால், உணவில்லாத நிலையில் அது வித்துகளை உண்டாக்கும். காட்டு ஈஸ்ட்டுகள் விரைவில் வித்து விடும். ஆலையின் நல்ல ஈஸ்ட் தாமதிக்கும். குறித்த வெப்பத்தில் குறித்த நேரத்துக்குள் வித்து தெரிந்தால், ஈஸ்ட்டில் கலப்படம் நேர்ந்துவிட்டது என்று பொருள். பீர் கெட்ட பிறகு அழுவதற்குப் பதிலாக, கெடுவதற்கு முன்பே அறிந்துகொள்ள ஆலைக்காரர்களுக்கு இதனால் வழி பிறந்தது. என் அம்மாவுக்கு இட்லி மாவில் இப்படி ஒரு சோதனை இருந்திருந்தால் அந்த எட்டு நாட்கள் கழிந்த விதமே வேறாக இருந்திருக்கும்.

1887ஆம் ஆண்டு யாகோப்சன் மறைந்தார். அதற்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் ஹான்சன் அதே ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். அவருடைய நண்பர் யோர்கென்சன் கோபன்ஹேகனிலேயே நொதித்தல் ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்தி, பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்களுக்கு இம்முறைகளைக் கற்பித்தார். 1908ஆம் ஆண்டு ஹான்சன் தம் முதல் எண் ஈஸ்ட்டைத் தனி இனமாக விவரித்து, சாக்கரோமைசிஸ் கார்ல்ஸ்பெர்ஜென்சிஸ் என்று பெயர் சூட்டினார். அடுத்த ஆண்டு, 1909 ஆகஸ்ட் 27ஆம் நாள், அறுபத்தேழாம் வயதில் காலமானார். தம் பெயரை வைக்காமல் ஆலையின் பெயரை வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. பீரைக் கசக்கச் செய்த காட்டு ஈஸ்ட்டை, பாஸ்டரின் நினைவாக ரீஸ் என்பவர் 1870ஆம் ஆண்டு வைத்த பாஸ்டோரியானஸ் என்ற பெயரால் ஹான்சன் குறித்திருந்தார். ஆனால் 1980களில் இனப்பெயர்களை ஒழுங்கு செய்த அறிஞர்கள், ஹான்சன் காத்துவைத்த வளர்ப்புகளின் மரபுப் பொருளை ஒப்பிட்டு, கார்ல்ஸ்பெர்ஜென்சிஸும் பாஸ்டோரியானஸும் ஒரே இனம் என்று முடிவு செய்தார்கள். முந்திய பெயர் எதுவோ அதுவே செல்லும் என்பது நம் துறையின் விதி. ஆகவே இன்று லாகர் ஈஸ்ட் முழுவதற்கும் பெயர் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். எதைத் திருடன் என்று ஹான்சன் பிடித்துக் கொடுத்தாரோ, அதன் பெயரையே அவர் வளர்த்த பிள்ளையும் சுமக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு அவர் மேல் சற்று இரக்கமே உண்டாயிற்று.

கதை அங்கும் முடியவில்லை. லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். தாய் தந்தையருள் ஒன்று நம் ரொட்டியிலும் இருக்கும் சாதாரண ஈஸ்ட். குளிரைத் தாங்கும் மற்றொன்று எது என்பது நெடுங்காலம் தெரியாதிருந்தது. 2011ஆம் ஆண்டு தென்னமெரிக்காவின் பட்டகோனியாவில், காட்டு மரங்களின் கிளைப் புடைப்புகளில் அது கிடைத்தது. யூபயானஸ் என்று அதற்குப் பெயர். பிறகு திபெத்திலும், 2022ஆம் ஆண்டு அயர்லாந்திலும் கண்டார்கள். மண்ணிலும் மரத்திலும் ஈஸ்ட்டைத் தேடுங்கள் என்று ஹான்சன் காட்டிய வழிதான் இவர்களுக்கும் உதவியது.

இனி அண்ணனின் தாளுக்கு வருகிறேன். லாகர் ஈஸ்ட்டுகளுக்குள் இரண்டு பெருங்கிளைகள் உண்டு. ஒன்றுக்குச் சாஸ் என்றும் மற்றொன்றுக்கு ஃப்ரோபெர்க் என்றும் பெயர். சாஸ் கிளை கடுங்குளிரில் நன்றாக வளரும். ஆனால் ஊறலில் உள்ள மூன்று கண்ணிச் சர்க்கரையை அதனால் சரியாக உண்ண முடியாது. ஃப்ரோபெர்க் கிளை அதையும் உண்டு முடிக்கும், வேகமும் அதிகம். ஹான்சனின் முதல் எண் ஈஸ்ட் சாஸ் கிளையைச் சேர்ந்தது. அவர் ஒதுக்கிய பாஸ்டோரியானஸும் அதே கிளைதான்! 2009ஆம் ஆண்டு முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட 34/70 ஃப்ரோபெர்க் கிளையைச் சேர்ந்தது. உலகில் மிகுதியாகப் பயன்படும் லாகர் ஈஸ்ட்டுகளுள் அது ஒன்று. ஹான்சன் தேர்ந்தெடுத்தது இன்று பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பதன்று. ஆனால் ஒவ்வோர் உறையிலும் உள்ள கோடிக்கணக்கான செல்கள் ஒரே செல்லின் வழி வந்தவை என்பதால், அவருடைய முறை எல்லா உறைகளிலும் இருக்கிறது.

அண்ணனிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எஸ்-23 பழமணம் சற்றுக் கூடுதலாகத் தரும். எஸ்-189 பெரும்பாலும் அடக்கமானது, சில வேளை பூமணம் வரும். 34/70 எதையும் மேலே காட்டாது. மால்ட்டும் ஹாப்ஸும் பேச இடம் விட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். மூன்றுக்கும் நிறுவனத்தார் சொல்லும் வெப்பநிலை பன்னிரண்டு முதல் பதினெட்டு டிகிரி. நூறு லிட்டருக்கு எண்பது முதல் நூற்றிருபது கிராம் போட வேண்டும். குளிரூட்டும் பொறி அடிக்கடி மக்கர் செய்கிறது என்று அண்ணன் குறைப்பட்டுக்கொண்டதால், வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் மணம் கெடாது என்று பெயரெடுத்த 34/70 மேல் என்றேன். உலர்ந்த ஈஸ்ட் தொப்பிப் பெட்டியில் நீரூற்றிக் கொண்டுவர வேண்டிய ஒன்றன்று. குளிர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் என்பதையும் சொன்னேன். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. யாகோப்சனின் குதிரை வண்டிக் கதைதான் அவருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. பெங்களூருக்குப் போய் முதலாளியிடம் சொல்லப் போவதாகக் கூறினார்.

அம்மா இதையெல்லாம் மாவரைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குடிக்கிற சமாச்சாரத்துக்கு இவ்வளவு படிப்பா என்று மட்டும் கேட்டார். பிறகு, அந்த ஒற்றைப் புள்ளியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மறுபடியும் சொல்லச் சொன்னார்.

மாசியில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. 34/70 போட்ட பீர் நன்றாகத் தெளிந்ததாம். அடுத்த முறை வரும்போது காலி உறை ஒன்று கொண்டுவருவதாக எழுதியிருக்கிறார். அதைத் தாவரவியல் துறையின் காட்சிப் பலகையில், ஈஸ்ட் படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட எனக்கு ஆசை. மதுவிலக்குச் சட்டம் காலி உறைக்கும் பொருந்துமா என்று துறைத் தலைவரைக் கேட்டிருக்கிறேன்.